முதுசக் காணிக்கு உரிமை கோர யாழ்ப்பாணம் போகிறவர்களுக்கு

விடுமுறையில் ஊருக்குப் போகும்போது அப்பாவின் காணிப் பிரச்சினையையும் முடித்துவிட்டு வரலாம் என்று எண்ணுகிறீர்களா? உறவினர் வீட்டுக்குப் பேசப் போகுமுன் காணிப் பதிவகத்துக்குப் போங்கள். தோம்பு, அதாவது காணியின் பதிவேட்டுப் பிரதி, எடுத்துப் பார்த்தால்தான் காணி இன்று யார் பெயரில் நிற்கிறது, ஈடு வைக்கப்பட்டதா, இடையில் யாராவது புது உறுதி (காணிப் பத்திரம்) முடித்தார்களா, வழக்கு ஏதும் பதியப்பட்டிருக்கிறதா என்பது தெரியவரும்.

1995 இடப்பெயர்வில் உறுதி தொலைந்துவிட்டது என்று காணியையே கைவிட்ட குடும்பங்கள் உண்டு. கைவிடாதீர்கள். நொத்தாரிசு (நோட்டரி) முடித்த உறுதியின் ஒரு பிரதி பதிவகத்துக்கு அனுப்பப்பட்டிருக்க வேண்டும். உறுதி இலக்கம், திகதி, நொத்தாரிசின் பெயர் தெரிந்தால் உறுதிப்படுத்திய பிரதி கேட்கலாம். தெரியாவிட்டால் அத்தைமாரின் சீதன உறுதிகளைத் தேடுங்கள். மூல உறுதியின் விவரம் பெரும்பாலும் அவற்றில் இருக்கும்.

உறுதி கிடைத்தால் பாதி வேலைதான் முடிந்தது. அதில் பெயருள்ளவருக்கு நீங்கள் வாரிசு என்பதை இறப்பு, விவாக, பிறப்புப் பத்திரங்களால் இடைவெளியின்றிக் காட்ட வேண்டும். வழக்குகள் இடறுவது இங்கேதான். உறுதியில் தகப்பன் பெயர் முன்னே இருக்கும்; வெளிநாட்டுப் பத்திரத்தில் அதுவே குடும்பப் பெயராகிப் பின்னே போயிருக்கும். இருவரும் ஒருவரே என்று சத்தியக்கடதாசி (சத்தியம் செய்து கையெழுத்திடும் பத்திரம்) முடியுங்கள். பிரெஞ்சு, ஜெர்மன் பத்திரங்களைச் சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளரிடம் கொடுத்து மொழிபெயர்த்துக்கொள்ளுங்கள்.

தேசவழமை, அதாவது யாழ்ப்பாணத் தமிழரின் வழமைச் சட்டம், பொருந்தும் குடும்பமானால் காணி முதுசமா (முன்னோரிடமிருந்து வந்தது), சீதனமா, தேடியதேட்டமா (மணவாழ்வின்போது தேடிய சொத்து) என்பதைப் பொறுத்துப் பங்கு மாறும். மணமான பெண் காணியை விற்கவோ நன்கொடையாக எழுதவோ கணவனின் எழுத்துமூலச் சம்மதத்தை 1911ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டம் கேட்கிறது. இது அநீதியான விதி என்பதே என் எண்ணம். ஆனாலும் தனியே பயணம் செய்யும் சகோதரிகள் அந்தச் சம்மதத்தை முன்கூட்டியே ஆயத்தம் செய்வது நல்லது.

“பத்து வருடம் நாங்கள்தான் இருக்கிறோம், இனி எங்களுக்குத்தான்” என்று யாராவது சொன்னால் தளர்ந்துவிடாதீர்கள். 1871ஆம் ஆண்டின் ஆட்சியுரிமைச் சட்டத்தில் பத்தாண்டுக் கணக்கு இருப்பது உண்மை. ஆனால் அந்த ஆட்சி, அதாவது காணியைக் கையில் வைத்து அனுபவிப்பது, உங்கள் உரிமைக்கு எதிரானதாக இருக்க வேண்டும். அனுமதியோடு குடியிருந்தவரின் காலம் அதில் சேராது. கூட்டுச் சொந்தக்காரர் ஒருவரின் ஆட்சி மற்றவர்களுக்குமான ஆட்சியாகவே கருதப்படும். பங்காளிகளை வெளிப்படையாக விலக்கியதை அவர்தான் நிரூபிக்க வேண்டும். “பார்த்துக்கொள்ளுங்கள்” என்று சித்தப்பாவுக்கு எழுதிய பழைய கடிதம், நீங்கள் கட்டிய சோலைவரிப் (உள்ளூராட்சிச் சபை வரி) பற்றுச்சீட்டு எல்லாம் இங்கே பெறுமதியானவை.

வெளிநாட்டுக் குடியுரிமை பெற்றதால் முதுசம் போய்விடாது. 2014ஆம் ஆண்டுச் சட்டம் வெளிநாட்டவர் காணி வாங்குவதைத் தடுத்தாலும், நெருங்கிய உறவினரிடமிருந்து வாரிசாகப் பெறுவதற்கு விலக்களிக்கிறது.

மாவட்ட நீதிமன்றத்தில் பங்கீட்டு வழக்கு ஒரு விடுமுறைக்குள் முடியாது. உங்களுக்காகச் செயற்பட ஒருவருக்கு அற்றோணித் தத்துவம் (அதிகாரப் பத்திரம்) கொடுத்துத் திரும்பத்தான் வேண்டும். வழக்காடவும் ஆவணங்கள் எடுக்கவும் மட்டும் அதிகாரம் கொடுங்கள். எவ்வளவு நெருங்கியவரானாலும் காணியை விற்கும் அதிகாரத்தை அதில் எழுதாதீர்கள்.