மட்டக்குதிரையில் ஏறி 1914-க்குப் போகலாம்: குழந்தைகளுக்கான காலப்பயணக் கதை எழுதுவது எப்படி?

முதலில் குதிரை, காலம் அப்புறம். ஒரு சாயங்காலம் மெரினாவுக்குப் போய், சவாரிக்கு நிற்கும் குதிரைகளின் காதை மட்டும் கவனியுங்கள். முன்பக்கம் நிமிர்ந்திருந்தால் எதையோ கவனிக்கிறது, பின்னால் ஒட்டிப் படுத்தால் கோபம். காதே இவ்வளவு சொல்லும்போது கதையில் குதிரை வாய் திறந்து பேச வேண்டியதில்லை (பேசும் குதிரைகள் எனக்கு அலுத்துவிட்டன). மட்டக்குதிரை தோள்மேட்டு உயரத்தில் சுமார் 148 சென்டிமீட்டரைத் தாண்டாது, எனவே பத்து வயதுப் பிள்ளை அதன் கழுத்தைக் கட்டிக்கொள்ளலாம். கேரட் ஊட்டும் காட்சி வந்தால் உள்ளங்கையை நன்றாக விரித்து நீட்டச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் விரல் கடிபடும்.

சரி, எந்தக் காலம்? என்னைக் கேட்டால் 1914 செப்டம்பர் 22 இரவு: முதல் உலகப் போரில் ஜெர்மனியின் எம்டன் போர்க்கப்பல் சென்னைமீது குண்டு வீசி, துறைமுகத்துப் பக்கம் எண்ணெய்த் தொட்டிகள் எரிய, பயந்துபோன ஜனங்கள் மூட்டை முடிச்சோடு ஊரைவிட்டுக் கிளம்பிய சமயம். டிராம் ஓடிய அந்தத் தெருக்களில் ஜட்கா என்ற வாடகைக் குதிரை வண்டியும் ஓடியது, அதை இழுத்தது மட்டக்குதிரைதான், ஆக உங்கள் கதாநாயகி போய் இறங்க வண்டி தயார்.

அங்கே ஜட்காக்காரர் மகளைச் சந்தித்ததும் தோழியாக்கிவிடாதீர்கள். "ஏய், யாரு நீ? எங்க குதிரைமேல கை வைக்காதே!" என்று சண்டையில் ஆரம்பித்து, குண்டுச் சத்தத்தில் மிரண்ட குதிரையை இருவரும் சேர்ந்து பிடிக்கட்டும். காலம் தாண்ட ஒரே ஒரு விதி போதும், அதையும் முதல் அத்தியாயத்திலேயே சொல்லிவிடுங்கள்.