அமெரிக்க மருத்துவக் கல்லூரி: இளங்கலை ஜி.பி.ஏ. குறைந்திருந்தால்

முதலில் கணக்குப் போடுங்கள். 120 கிரெடிட்டில் (பாட அலகுகளில்) ஜி.பி.ஏ., அதாவது 4-க்குக் கணக்கிடும் சராசரி மதிப்பெண், 2.8 இருந்தால், மேலும் 30 கிரெடிட் முழுக்க ஏ வாங்கினாலும் 3.04தான் வரும். எண்ணைவிட அந்த ஏறுமுகம்தான் உங்களுக்காகப் பேசும்.

பட்டத்துக்குப் பின் எடுக்கும் இளங்கலைப் பாடங்களை ஆம்காஸ் (AMCAS, எம்.டி. மருத்துவக் கல்லூரிகளுக்கான பொது விண்ணப்ப அமைப்பு) இளங்கலை ஜி.பி.ஏ.வில் சேர்க்கும், முதுகலைப் பாடங்களைத் தனியாகக் காட்டும். இது தெரியாமல் பலர் நேரே முதுகலைக்குப் போய்விடுகிறார்கள். திரும்ப எடுத்தாலும் பழைய மதிப்பெண் அழியாது, இரண்டும் கணக்கில் வரும். அதனால் சி-க்குக் கீழே போன கட்டாயப் பாடங்களை மட்டும் திரும்பப் படியுங்கள். மற்ற நேரத்தை உயிர்வேதியியல், உடலியங்கியல் போன்ற மேல்நிலைப் பாடங்களுக்குக் கொடுங்கள்.

மருத்துவக் கல்லூரி நுழைவுத் தேர்வான எம்கேட்டை (MCAT) அவசரப்பட்டு எழுதவே எழுதாதீர்கள். பழைய மதிப்பெண்ணையும் கல்லூரிகள் பார்க்கும். முழுநீள மாதிரித் தேர்வுகளில் இலக்கைத் தொடர்ந்து தொட்டபின் தேதி குறியுங்கள். டி.ஓ. (D.O., எம்.டி. போலவே மருத்துவராக்கும் ஆஸ்டியோபதி மருத்துவப் பட்டம்) தரும் கல்லூரிகளுக்கும் விண்ணப்பியுங்கள்.