பேஸ் கிட்டாருக்குப் புது உருவம்: தூரிகையை எடுக்கும் முன்

பழைய பேஸ் கிட்டாரைப் புதுப்பிக்கக் கிளம்புகிறவர்கள் பெரும்பாலும் முதலில் பெயிண்டைத்தான் வாங்குகிறார்கள். நானும் அப்படித்தான் தொடங்கினேன். ஃபெண்டர் நிறுவனத்தின் ஜாஸ் பேஸ் மாடலின் வடிவத்தில் வந்த மலிவான கிட்டார் ஒன்றைச் சுவரில் சாய்த்து வைத்து, ஒற்றைக் காலில் நிற்கும் கொக்கு ஒன்றை அதில் வரைந்தேன். தோளில் மாட்டிக்கொண்டு கண்ணாடி முன் நின்றபோதுதான் விஷயம் உறைத்தது. கொக்கு மல்லாந்து படுத்திருந்தது. வாசிக்கும்போது கிட்டாரின் கழுத்து கிடையாகப் போய்விடும் என்பதை மறந்திருந்தேன். போதாக்குறைக்கு, கொக்கின் கால், கம்பிகளை உடல் பக்கம் தாங்கும் பிரிட்ஜுக்கு அடியில் காணாமல் போனது. படத்தை முதலில் தாளில் வரைந்து, வெட்டி ஒட்டி, கிட்டாரை மாட்டிப் பார்த்திருந்தால் ஐந்து நிமிடத்தில் தெரிந்திருக்கும்.

அந்தக் கொக்கும் நிலைக்கவில்லை. முன்கை உரசும் ஓரத்தை நகத்தால் லேசாக நெம்பினேன். பாலாடை போல உரிந்து வந்தது. தொழிற்சாலையில் பூசும் பாலியூரிதேன், பாலியெஸ்டர் பூச்சுகள் கண்ணாடி போல வழவழப்பானவை. அவற்றின் மேல் அக்ரிலிக் பெயிண்டுக்குப் பிடிமானம் இல்லை. 400 நம்பர் உப்புத்தாளால் பளபளப்பு மங்கும்வரை தேய்த்துவிட்டு வரைய வேண்டும். மரம் தெரியும்வரை சுரண்டுவது வீண் வேலை. படத்தைக் காக்க மேலே அடிக்கும் லேக்கர் பூச்சு கையில் ஒட்டாமல் இருப்பதாலேயே காய்ந்துவிட்டதாக நினைக்காதீர்கள். முழுதாக இறுக வாரக்கணக்கில் ஆகும். மழைநாளில் அடித்தால் காற்றின் ஈரம் பட்டு வெண்மை படரும்.

பெயிண்ட் போகக்கூடாத இடங்கள் இரண்டு. ஒன்று, கழுத்து பொருந்தும் குழி. அங்கே இரண்டு கோட்டிங் ஏறினாலே கழுத்து இறங்க மறுக்கும். அழுத்தினால் ஓரத்தில் பூச்சு வெடிக்கும். இன்னொன்று, பிரிட்ஜுக்கு அடியில் எட்டிப்பார்க்கும் எர்த் ஒயர். அதன் நுனியில் பெயிண்ட் படிந்தால் தொடர்பு அறுந்து, கிட்டார் கம்பிகளைத் தொட்டாலும் இரைச்சல் அடங்காது. இரண்டு இடத்திலும் முன்கூட்டியே டேப் ஒட்டிவிடுங்கள்.

புதிதாக மாற்றும் பாகங்களில் அதிகம் சொதப்புவது பிரிட்ஜ். பழைய திருகுத் துளைகள் புதியதற்குப் பொருந்தும் என்று நம்பித் துளையிடுகிறவர்கள் உண்டு. கம்பியின் அதிரும் நீளம் 34 அங்குலமாக உள்ள வழக்கமான பேஸில், கழுத்தின் தலைப்பக்கம் கம்பிகளைத் தாங்கும் நட்டிலிருந்து 12ஆம் ஃப்ரெட் (கழுத்தில் பதித்த உலோகப் பட்டை) வரை 432 மில்லிமீட்டர். அங்கிருந்து பிரிட்ஜில் கம்பி அமரும் சேடில் வரையிலும் ஏறக்குறைய அதே தூரம் இருக்க வேண்டும். தடித்த கம்பிக்கு சேடில் இன்னும் சற்றுப் பின்னே நகர இடம் வேண்டும். இரு ஓரக் கம்பிகளின் பாதையில் நூலைப் பிடித்துப் பாருங்கள். கழுத்தின் இரு விளிம்பிலிருந்தும் ஒரே இடைவெளி விட்டு நூல் போனால் துளையிடலாம். இதையெல்லாம் பெயிண்ட் அடிப்பதற்கு முன்பே செய்துவிட வேண்டும். எல்லாப் பாகங்களையும் ஒருமுறை பொருத்திப் பார்த்து, கழற்றி, பிறகு வரைவதுதான் முறை. புதுப் பூச்சில் டிரில் வழுக்கினால் அழுவதைத் தவிர வழியில்லை.

கம்பியின் அதிர்வை மின்சாரமாக மாற்றும் பிக்கப் வாங்கும்போதும் அளந்துவிட்டு வாங்குங்கள். 1960இல் ஃபெண்டர் கொண்டுவந்த ஜாஸ் பேஸில் கழுத்துப் பக்கப் பிக்கப் பிரிட்ஜ் பக்கத்ததைவிடச் சற்றுக் குட்டை. ஒரே அளவில் இரண்டு வாங்கினால் ஒன்றுக்கு மரத்தைச் செதுக்க நேரும். வால்யூம் கன்ட்ரோலுக்கும் இதே கதைதான். பேட்டரி இல்லாத சாதாரண ஜாஸ் பேஸ் பிக்கப்புக்கு 250 கிலோ ஓம் மின்தடை உள்ள கன்ட்ரோல் பொருந்தும். பேட்டரியில் இயங்கும் ஆக்டிவ் பிக்கப்புக்குப் பெரும்பாலும் 25 கிலோ ஓம். ஆக்டிவ் பிக்கப்பை மாட்டிவிட்டுப் பழைய 250 கிலோ ஓம் கன்ட்ரோலையே விட்டுவைத்தால் குமிழைத் திருகத் திருக ஒன்றும் நடக்காது, கடைசி நூலிழையில் ஒலி திடீரென்று பாயும். மலிவுக் கிட்டார்களில் குமிழுக்கான துளையும் சிறியதாக இருக்கும், அமெரிக்க அளவுப் பாகம் நுழையாது. பழைய ஒயரிங்கைப் பிரிக்கும் முன் போனில் இரண்டு படம் எடுத்துக்கொள்ளுங்கள். எந்த ஒயர் எங்கே போனது என்பது மறுநாள் காலையில் நினைவிருக்காது.