சொட்டும் வால்வை அடைக்காதீர்கள்: தொட்டி வாட்டர் ஹீட்டரின் அழுத்தமும் வெப்பமும்

குளியலறைப் பொய்க்கூரைக்கு மேலிருந்து இறங்கும் சிறு குழாயின் நுனியில் தண்ணீர் சொட்டுவதைக் கண்டு, அதற்கு மூடி போட்டு அடைத்துவிடுபவர்கள் உண்டு. தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். வாட்டர் ஹீட்டர் தொட்டி வெடிக்காமல் காப்பது, அந்தக் குழாய் வழியே நீரை வெளியேற்றும் பாதுகாப்பு வால்வுதான்.

27 டிகிரி செல்சியஸில் உள்ள தண்ணீர் 60 டிகிரிக்குச் சூடாகும்போது, அதன் கன அளவு ஏறக்குறைய 1.3 சதவீதம் கூடுகிறது. 30 லிட்டர் தொட்டியில் இது சுமார் 400 மில்லிலிட்டர். வந்த வழியே திரும்பாதபடி உள்வாய் வால்வு தடுப்பதால், அந்தக் கூடுதல் நீர் அழுத்தமாக மாறுகிறது. அதைப் பாதுகாப்பு வால்வு சொட்டுச் சொட்டாக வெளியேற்றுகிறது. ஆகவே சூடாகும்போது மட்டும் சொட்டினால் கவலை வேண்டாம். ஹீட்டரை அணைத்துத் தண்ணீர் ஆறிய பின்னும் நிற்காமல் ஒழுகினால், வால்வில் அழுக்கு படிந்திருக்கலாம், அல்லது வீட்டுக்கு வரும் நீரின் அழுத்தமே மிகுந்திருக்கலாம். 10 மீட்டர் உயரத்துக்கு ஏறக்குறைய 1 பார் (அழுத்தத்தின் அலகு) வீதம் அழுத்தம் ஏறுவதால், ஒரே கூரைத் தொட்டியிலிருந்து நீர் பெறும் வீவக (சிங்கப்பூரின் வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடி வீடுகளில் கீழ்த்தளத்தார் இதை முதலில் சந்தேகிக்க வேண்டும். இதற்கு அழுத்தக் குறைப்பு வால்வு பொருத்தலாம். அந்த வேலையை உரிமம் பெற்ற பிளம்பரிடமே ஒப்படையுங்கள்.

தெர்மோஸ்டாட்டை 60 டிகிரியில் வையுங்கள். சிக்கனம் கருதி 40 டிகிரியில் வைப்பது தவறு, ஏனெனில் நுரையீரலைத் தாக்கும் லெஜியோனெல்லா கிருமி 20 முதல் 45 டிகிரி வரையிலான நீரில்தான் பெருகுகிறது. ஊருக்குப் போய்த் திரும்பியதும், தொட்டி முழுவதும் சூடேறிய பிறகே குளியுங்கள். மின்சாரத்தை மிச்சப்படுத்த, தேவைப்படும்போது மட்டும் சுவிட்சைப் போட்டால் போதும்: 3 கிலோவாட் ஹீட்டருக்கு 30 லிட்டரைச் சூடாக்க அரை மணி நேரம்கூட ஆகாது. தீபாவளி விடியலில் வீடே வரிசையாக எண்ணெய்க் குளியலுக்கு நிற்கும் நாளிலும், ஒருவர் குளித்து அடுத்தவர் எண்ணெய் தேய்த்து முடிப்பதற்குள் தொட்டி பெரும்பாலும் மீண்டும் சூடாகிவிடும்.

ஆனால் 60 டிகிரி நீர் சில விநாடிகளிலேயே தோலைப் பொசுக்கும். குழந்தைகளுக்கும் முதியவர்களுக்கும் அதைவிட விரைவாக. முதலில் குளிர்நீரைத் திறந்து, பிறகு சுடுநீரைக் கலந்து, கையால் பதம் பார்த்த பின்பே அவர்களைக் குளிக்க வையுங்கள்.

பாதுகாப்பு வால்வின் குழாயில் தண்ணீருக்குப் பதில் ஆவி சீறினால், தெர்மோஸ்டாட் பழுதடைந்திருக்கிறது என்று கொள்ளுங்கள். உடனே மெயின் சுவிட்சை அணைத்து, எல்லோரையும் குளியலறையிலிருந்து வெளியேற்றி, தொட்டியைத் தொடாமல் பழுதுபார்க்கும் ஆளை வரவழையுங்கள்.