கிளவுடில் ஆப் டெஸ்ட்: போனைத் தேர்ந்தெடுக்கும்போதே நடக்கும் தவறுகள்

உண்மையான போன்களில் ஆப்பை இணையம் வழியாக ஓட்டிச் சோதிக்க உதவும் சேவைகளான கூகுளின் ஃபயர்பேஸ் டெஸ்ட் லேப், அமேசானின் ஏடபிள்யூஎஸ் டிவைஸ் ஃபார்ம் போன்றவற்றில் டெஸ்ட் ஃபெயில் ஆனதும் பலரும் முதலில் ஸ்கிரிப்டைத்தான் திறக்கிறார்கள். அதற்கு முன் ஏபிகே கோப்பை, அதாவது ஆண்ட்ராய்டு ஆப்பின் இன்ஸ்டால் கோப்பைப் பாருங்கள். அந்தப் போனில் அந்த ஆப் ஓடுமா என்பதற்குப் பாதி விடை அதற்குள்ளேயே இருக்கிறது.

ஆண்ட்ராய்டு பதிப்பை மட்டும் பார்த்துப் போனை எடுப்பதுதான் அடிக்கடி நடக்கும் தவறு. ப்ராசஸர் வகையும் பொருந்த வேண்டும். 2022-இல் வந்த பிக்சல் 7, 64-பிட் ஆப்களை மட்டுமே ஏற்கும். உங்கள் நேட்டிவ் லைப்ரரிகள் (குறிப்பிட்ட ப்ராசஸர் வகைக்கென்றே தயாரித்த கோடு கோப்புகள்) 32-பிட்டில் மட்டும் இருந்தால் ஆப் இன்ஸ்டாலே ஆகாது. ஆண்ட்ராய்டு எஸ்டிகேயின் (ஆப் உருவாக்கும் கருவித் தொகுப்பு) பில்டு-டூல்ஸ் ஃபோல்டரில் உள்ள 'ஏஏபிடி' கருவியில் 'டம்ப் பேட்ஜிங்' கட்டளையைக் கொடுத்தால், குறைந்தபட்ச எஸ்டிகே (எந்த ஆண்ட்ராய்டு பதிப்பு முதல் ஓடும்), டார்கெட் எஸ்டிகே (எந்தப் பதிப்பை மனதில் வைத்து எழுதியது), 'நேட்டிவ்-கோட்' (எந்த ப்ராசஸர் வகைகள்) எல்லாம் வரிசையாக வரும். 'ஆர்மிஏபிஐ-வி7ஏ' மட்டும் தெரிந்தால் அது 32-பிட். 'ஆர்ம்64-வி8ஏ' அவசியம் இருக்க வேண்டும்.

இரண்டு பெயரும் இருக்கிறதே என்று நிம்மதியாகிவிடவும் கூடாது. பத்து லைப்ரரியில் ஒன்பது இரண்டு வகையிலும் இருந்து, வெளியிலிருந்து சேர்த்த பழைய எஸ்டிகே (பிறர் எழுதிய கோடு தொகுப்பு) ஒன்று மட்டும் 32-பிட்டில் இருக்கலாம். ஆர்ம்64 ஃபோல்டர் இருப்பதைப் பார்த்ததும் ஆண்ட்ராய்டு அதையே எடுத்துக்கொள்ளும். அதில் இல்லாத லைப்ரரியை அடுத்த ஃபோல்டரில் போய்த் தேடாது. ஆப் ஒழுங்காக இன்ஸ்டால் ஆகும், திறக்கும், அந்த வசதியைத் தொட்ட நொடியில் 'அன்சாட்டிஸ்ஃபைட் லிங்க் எரர்' என்று விழும். டெஸ்ட் ரிப்போர்ட்டில் அது சாதாரண கிராஷ் போலத்தான் தெரியும். ஏபிகேயை ஜிப் கோப்பாகத் திறந்து, 'லிப்' ஃபோல்டருக்குள் இரண்டு இடத்திலும் ஒரே கோப்புகள் இருக்கின்றனவா என்று ஒப்பிட்டால் இரண்டு நிமிடத்தில் தெரிந்துவிடும்.

புதிய போன் பழைய ஆப்பையும் தடுக்கும். டார்கெட் எஸ்டிகே 23-க்குக் கீழே இருந்தால் ஆண்ட்ராய்டு 14 அதை இன்ஸ்டால் செய்ய விடாது.

போன் பட்டியலை நினைவிலிருந்து எழுதுவது இன்னொரு தவறு. ஃபயர்பேஸில் எல்லா மாடலும் எல்லாப் பதிப்பிலும் கிடைக்காது. கூகுளின் 'ஜிகிளவுட்' கட்டளையில் மாடல் பட்டியலை எடுத்து, அதில் உள்ள மாடல் ஐடியையும் பதிப்பு எண்ணையும் அப்படியே எழுதுங்கள். 'டெப்ரிகேட்டட்' என்று குறித்திருக்கும் மாடல் விரைவில் நீக்கப்படும் என்று அர்த்தம். அதை சிஐ பைப்லைனில் (பில்டும் டெஸ்டும் தானாக ஓடும் வரிசை) சேர்க்காதீர்கள். ஏடபிள்யூஎஸ்ஸில் ரன் தொடங்குவதற்கு முன்பே 'கெட் டிவைஸ் பூல் கம்பாட்டிபிலிட்டி' என்று ஒரு கட்டளை இருக்கிறது. பூலையும் (டெஸ்டுக்கு எடுத்த போன்களின் தொகுப்பு) ஆப்பையும் கொடுத்தால் பொருந்தும் போன்கள், பொருந்தாத போன்கள், பொருந்தாததற்கான காரணம் மூன்றையும் சொல்லிவிடும். இதைப் பைப்லைனின் முதல் படியாக வைக்க வேண்டும் என்பதே எங்கள் கருத்து. விதி வைத்து உருவாக்கிய பூலில் போன்கள் மாறிக்கொண்டே இருக்கும். நேற்றைய முடிவோடு இன்றையதை ஒப்பிட வேண்டுமானால் போன்களைப் பெயர் குறித்து நிலையாக வையுங்கள்.

ஐபோனில் சிக்கல் வேறு மாதிரி. சிமுலேட்டருக்காக (கணினியில் ஓடும் மாதிரிப் போன்) பில்டு செய்த ஆப் உண்மையான போனில் ஏறாது. ஏடபிள்யூஎஸ்ஸின் பொதுப் போன்களில் (பலரும் பகிர்ந்து பயன்படுத்துபவை) ஆப் மறுபடி சைன் (டிஜிட்டல் கையொப்பம்) செய்யப்படுவதால் புஷ் நோட்டிஃபிகேஷன் போன்ற அனுமதிகள் போய்விடும். அந்த டெஸ்ட் ஃபெயில் ஆனால் போனையோ ஐஓஎஸ் பதிப்பையோ குறை சொல்லிப் பயனில்லை.

தமிழில் ஆப் செய்கிறவர்கள் லொகேலை, அதாவது போனின் மொழி அமைப்பை மறந்துவிடக் கூடாது. ஃபயர்பேஸில் எதுவும் குறிப்பிடாவிட்டால் ஆங்கிலத்தில்தான் ஓடும். 'சேவ்' இருந்த பட்டனில் 'சேமிக்கவும்' வந்து வெட்டுப்படுவது ரிப்போர்ட்டில் வரவே வராது.

கடைசியாக, கிளவுடில் இன்ஸ்டால் ஆன போனிலெல்லாம் பிளே ஸ்டோரிலும் ஆப் கிடைக்கும் என்று எண்ண வேண்டாம். மேனிஃபெஸ்டில் (ஆப்பின் தேவைகளைப் பட்டியலிடும் கோப்பு) கேமரா பர்மிஷன் கேட்டாலே, 'கேமரா கட்டாயம் தேவை' என்று பிளே ஸ்டோர் எடுத்துக்கொண்டு கேமரா இல்லாத சாதனங்களுக்கு ஆப்பை மறைத்துவிடும். நேரடியாக இன்ஸ்டால் செய்யும்போது ஆண்ட்ராய்டு இதைச் சோதிப்பதில்லை. ஏஏபிடி வெளியீட்டில் 'யூசஸ்-இம்ப்ளைட்-ஃபீச்சர்' என்ற வரியைத் தேடுங்கள். கேமரா இல்லாமலும் ஆப் ஓடும் என்றால், மேனிஃபெஸ்டில் அந்த ஃபீச்சரை எழுதி 'ரிக்வயர்ட்' மதிப்பை 'ஃபால்ஸ்' ஆக்க வேண்டும்.