ஜெர்மனியில் ஓராண்டு தன்னார்வச் சேவை: முதல் மூன்று மாதத்தில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

எஃப்.எஸ்.ஜே. (தன்னார்வச் சமூக ஆண்டு), பி.எஃப்.டி. (கூட்டாட்சித் தன்னார்வச் சேவை) என்ற ஓராண்டுச் சேவைத் திட்டங்களில் ஜெர்மனிக்குப் போகிறவர்கள் பெரும்பாலும் முதியோர் இல்லத்திலோ மழலையர் பள்ளியிலோ மாற்றுத்திறனாளிகள் இல்லத்திலோ வேலை செய்கிறார்கள். பி1 என்ற இடைநிலை ஜெர்மன் மொழிச் சான்றிதழோடு போய் இறங்குகிறவர்களும் முதல் மூன்று மாதம் திணறுவதுண்டு. காரணம் இலக்கணம் அல்ல. மரியாதை என்று நாம் பழகி வைத்திருக்கும் சில குணங்கள் அங்கே நமக்கே எதிராகத் திரும்புகின்றன.

அதில் முதலாவது, புரியாமலேயே தலையாட்டுவது. முதியோர் இல்லத்தில் ஷிப்ட் மாறும்போது பொறுப்பை ஒப்படைக்கும் கூட்டம் நடக்கும், ‘ஊபர்காபே’ என்பார்கள். வேகமான பேச்சு, வட்டார வழக்கு, நடுவில் மருத்துவச் சொற்கள். திரும்பக் கேட்டால் தப்பாக நினைப்பார்களோ என்று “யா, யா” சொல்லிவிட்டு வெளியே வருவதில்தான் ஆபத்து. விழுங்கச் சிரமப்படும் முதியவருக்குத் தண்ணீரானாலும் காபியானாலும் கெட்டியாக்கும் மாவு கலந்துதான் தரவேண்டும். அது தெரியாமல் சாதாரணத் தண்ணீரை நீட்டினால், மூச்சுக்குழாய்க்குள் இறங்கி நிமோனியா வரை போகலாம். சட்டைப் பையில் ஒரு சின்ன நோட்டு வைத்துக்கொள்ளுங்கள். அறை எண், பானம், உணவு, நடக்கத் துணை வேண்டுமா என்ற நான்கும் போதும். குறித்ததைத் திரும்பச் சொல்லிக் காட்டுங்கள்: “அறை 12, கெட்டியான பானம் மட்டும், சரிதானே?” இப்படிக் கேட்பவரை யாரும் குறைவாக நினைப்பதில்லை. அவசரத்தில் யாராவது மாத்திரைக் கிண்ணத்தைக் கையில் கொடுத்தால் வாங்கக் கூடாது. மருந்து கொடுப்பது தன்னார்வலர் வேலை அல்ல.

நேரத்திலும் கவனம் வேண்டும். ‘ஹால்ப் ஆக்ட்’ (சொல்லுக்குச் சொல் ‘அரை எட்டு’) என்றால் ஏழரை மணி. ஆங்கிலப் பழக்கத்தில் எட்டரை என்று எடுத்துக்கொண்டு ஒரு மணி நேரம் தாமதமாகப் போய் நிற்பது புதியவர்கள் வழக்கமாகச் செய்யும் தவறு.

அடுத்தது, முதல் தடவை வேண்டாம் என்பது. நம் வீடுகளில் “பரவாயில்லைங்க” என்று மறுத்தால் இரண்டு மூன்று முறை வற்புறுத்துவார்கள். அங்கே கேக் வேண்டுமா என்று ஒரு தடவைதான் கேட்பார்கள். வேண்டாம் என்றால் வேண்டாம்தான். தட்டு அடுத்தவரிடம் போய்விடும். சில முறை இப்படி ஆனால், இவருக்கு நம்மோடு உட்கார விருப்பமில்லை என்றே எடுத்துக்கொள்வார்கள். “ஒரு நாள் வீட்டுக்கு வா” என்பதைக் கேட்டுத் திடீரென்று போய்விடாதீர்கள். நாளும் மணியும் பேசி முடித்தால்தான் அது அழைப்பு. உங்கள் பிறந்தநாளுக்கு நீங்கள்தான் கேக் கொண்டு போக வேண்டும். பிறருக்கு முந்தின நாளே வாழ்த்துச் சொன்னால் அபசகுனமாக நினைப்பார்கள் (சகுனம் பார்ப்பது நம் ஊரில் மட்டும்தான் என்று யார் சொன்னது!).

காய்ச்சலோடு வேலைக்குப் போவதை நாம் பொறுப்பு என்போம். முதியோர் இல்லத்தில் அதுவே பொறுப்பின்மை. ஷிப்ட் தொடங்கும் முன்பே தொலைபேசியில் சொல்லிவிட வேண்டும். மருத்துவச் சான்று எத்தனையாவது நாளிலிருந்து தேவை என்பதை ஒப்பந்தத்தில் முதல் வாரமே பார்த்து வையுங்கள்.

காகித வேலையில், குடியேறிய இரண்டு வாரத்துக்குள் முகவரிப் பதிவு முடிய வேண்டும். அதற்கு வீடு கொடுத்தவர் கையெழுத்திட்ட சான்று தேவை. பலர் கோட்டை விடுவது தபால் பெட்டியில். அங்கே தபால்காரர் பெட்டியில் ஒட்டியிருக்கும் பெயரைப் பார்த்துத்தான் கடிதம் போடுவார். வங்கி அட்டை, வரி எண், காப்பீட்டு அட்டை எல்லாம் தபாலில் வருகின்றன. பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் குடும்பப் பெயராக இருந்தால் கடிதத்திலும் அதுதான் இருக்கும்; பெட்டியில் உங்கள் பெயரை மட்டும் ஒட்டினால் கடிதம் திரும்பிப் போய்விடும். இரண்டையும் ஒட்டுங்கள்.

பகிர்ந்து வாழும் வீட்டில் சண்டை பெரும்பாலும் சமையலறையில்தான் தொடங்கும். தாளிக்கும் முன் சமையலறைக் கதவைச் சாத்துங்கள், ஜாக்கெட்டுகளை அங்கே தொங்கவிடாதீர்கள். குளிர்காலத்தில் ஜன்னலை நாள் முழுக்க மேல்பக்கம் மட்டும் சாய்த்துத் திறந்து வைத்தால் சுவர் குளிர்ந்து பூஞ்சை பிடிக்கும், பராமரிப்புச் செலவும் உங்கள் தலையில் விழலாம். முழுக்கத் திறந்து 5 முதல் 10 நிமிடம் வைத்து மூடுவதை நாளில் இரண்டு மூன்று முறை செய்யுங்கள். ஞாயிற்றுக்கிழமை கண்ணாடி பாட்டில்களைத் தெருத் தொட்டியில் போடாதீர்கள். சத்தத்துக்குப் புகார் வரும். 25 சென்ட் வைப்புத்தொகை உள்ள பாட்டில்களைக் குப்பையில் போடாமல் கடையில் திருப்பிக் கொடுங்கள்.

வாரக் கடைசியானால் தமிழர்களைத் தேடி ஓடுவது பற்றியும் சொல்ல வேண்டும். ஹம் நகரத்துக் காமாட்சி அம்மன் கோயில் திருவிழாவுக்குப் போங்கள், அதை யார் தடுப்பது? ஆனால் எல்லா வார இறுதியும் தமிழிலேயே கழிந்தால் பேச்சு ஜெர்மன் வளராது, குடியிருக்கும் ஊரிலும் யாரையும் தெரியாது. அந்த ஊருக்குள் நுழைய வழி ‘ஃபெராய்ன்’, அதாவது உள்ளூர்ச் சங்கம்: கால்பந்து, பாடகர் குழு, தன்னார்வத் தீயணைப்பு. கூப்பிடட்டும் என்று காத்திருந்தால் கூப்பிட மாட்டார்கள். நாமே போய்க் கேட்க வேண்டும். பல சங்கங்களில் முதல் ஓரிரு பயிற்சிக்குக் கட்டணம் இல்லை. செப்டம்பரிலேயே சேர்ந்துவிடுங்கள். டிசம்பரில் நாலரைக்குள் இருட்டிவிடும், அதன்பின் கிளம்பவே மனசு வராது.

பணியிடம் ஒத்துவராவிட்டால் பல்லைக் கடித்துக்கொண்டு ஓராண்டை ஓட்ட வேண்டாம். திட்டத்தை நடத்தும் அமைப்பில் உங்களுக்கென்று ஒரு வழிகாட்டி இருப்பார். ஓராண்டில் 25 நாள் கட்டாயக் கருத்தரங்கும் உண்டு, அவரை நேரில் பிடிக்க அது நல்ல இடம். நடந்ததைத் தேதியோடு எழுதி இரண்டாவது மாதமே பேசுங்கள். இடம் மாறுவதென்றால், வெளிநாட்டினர் அலுவலகத்தில் தங்கும் அனுமதி பற்றிக் கேட்டுத் தெளிந்த பிறகே பழைய இடத்திலிருந்து விலகுங்கள்.