புரோட்டான்–ஈய மோதலில் கனத்த குவார்க்: 0.465ஐ மறக்காதீர்கள்

போன மாதம் புதிதாகச் சேர்ந்த மாணவர் ஒருவர் வரைபடத்தோடு வந்தார். ஈயக் கருவில் சார்ம் என்ற கனத்த குவார்க்கின் உற்பத்தி, புரோட்டான்–புரோட்டான் மோதலோடு ஒப்பிட்டால், முன்பக்கம் (புரோட்டான் போகும் பக்கம்) குறையவே இல்லை, பின்பக்கம்தான் (ஈயம் போகும் பக்கம்) குறைகிறது என்றார். எனக்கு வயிற்றைக் கலக்கியது. சில வருடங்களுக்கு முன்னால் அதே படத்தை நானும் வரைந்திருக்கிறேன்.

இந்தக் கணக்கில் நடக்கும் தவறுகளைக் கீழே சொல்கிறேன். அலகு மறப்பது, குறி மாறுவது மாதிரியானவற்றை விடுகிறேன். அவை தாமாகவே மாட்டிக்கொள்ளும்.

ஆய்வகச் சட்டகத்தை நிறைமையச் சட்டகம் என்று நினைப்பது

சேர்னில் 2013-ல் நடந்த மோதல்களில் புரோட்டானுக்கு 4 டெரா எலக்ட்ரான்வோல்ட். ஈயத்தில் நியூக்ளியான் (புரோட்டான் அல்லது நியூட்ரான்) ஒன்றுக்கு 1.58தான். இரண்டு கற்றைகளையும் வளைப்பது ஒரே காந்தங்கள், ஈயத்தின் 208 நியூக்ளியான்களில் மின்னூட்டம் உள்ளவை 82 மட்டுமே. அதனால் மோதலின் நிறைமையச் சட்டகம் (மொத்த உந்தம் சுழியாகும் சட்டகம்) ஆய்வகத்தைப் பொறுத்து புரோட்டான் போகும் பக்கம் ரேபிடிட்டியில் (கற்றைத் திசையில் வேகத்தைக் குறிக்கும் எண்) 0.465 நகர்கிறது.

எல்.எச்.சி.பி. போல ஒரு பக்கம் மட்டும் பார்க்கும் கருவியை எடுத்துக்கொள்ளுங்கள். ஆய்வகத்தில் ரேபிடிட்டி 2 முதல் 4.5 வரை என்றால், புரோட்டான் பக்கம் அது உண்மையில் சுமார் 1.5 முதல் 4. கற்றைகளைத் திருப்பிவிட்டால் மைனஸ் 5 முதல் மைனஸ் 2.5. விகிதம் எடுக்க நான் வகுத்த புரோட்டான்–புரோட்டான் கணக்கோ இரண்டுக்கும் 2 முதல் 4.5! ஓரத்துக்குப் போகப் போக உற்பத்தி சரியும். ஆகவே முன்பக்கம் விகிதம் பொய்யாக ஏறி நிழல் விளைவை (கருவுக்குள் குளுவான்கள், அதாவது குவார்க்குகளைப் பிணைக்கும் துகள்கள், குறைந்து காணப்படுவதை) மூடிவிட்டது. பின்பக்கம் பொய்யாக இறங்கியது. அந்த இறக்கத்துக்குக் கருவுக்குள் ஆற்றல் இழப்பு என்று மூன்று வாரம் விளக்கம் தேடினேன். குழுக் கூட்டத்தில் ஒருவர், "இது எந்த ரேபிடிட்டி?" என்றார். அதோடு போயிற்று மூன்று வாரம்.

ஈயத்தின் ஒரு நியூக்ளியானுடைய உந்தத்தில் குளுவான் சுமக்கும் பங்கும் தப்பாகும். குறுக்கு உந்தம் 2 ஜிகா எலக்ட்ரான்வோல்ட், ரேபிடிட்டி 3 என்றால் அது சுமார் 0.00005, 3.465 என்று போட்டால் 0.00003.

இன்றும் எரிச்சலூட்டுவது, நிரலில் இரண்டு ரேபிடிட்டிக்கும் ஒரே பெயர் வைப்பதுதான். தனித்தனிப் பெயர் வைக்க ஒரு நிமிடம் ஆகுமா?

செறிவு மாதிரியின் மேல் நிழல் விளைவையும் பெருக்குவது

குளுவான் செறிவுக் கணக்கில் (குளுவான்கள் நெருங்கி, எண்ணிக்கை தேங்குவதாகக் கொள்ளும் மாதிரியில்) கருவின் அடர்த்தி ஏற்கெனவே உட்கார்ந்திருக்கிறது. கருப் பகிர்வுச் சார்பில் (கருவுக்குள் குளுவான்களின் உந்தம் எப்படிப் பகிர்ந்திருக்கிறது என்று சொல்வது) வரும் குறைவையும் அதன் மேல் போட்டால் ஒரே விளைவை இரண்டு முறை எண்ணுகிறோம்.

82ஆல் வகுப்பது

விகிதத்தில் 208ஆல் வகுக்க வேண்டும். மோதலில் நியூட்ரான்களும் பங்கேற்கின்றன.

ஜே/சையை டி மெசான் போலவே நடத்துவது

வேண்டாம். ஜே/சை சார்மும் எதிர்-சார்மும் பிணைந்த துகள்; டி மெசானில் சார்ம் ஒன்றுதான். சார்ம் ஜோடி உண்டான பிறகும், வெளியேறும் வழியில் அந்தப் பிணைப்பு உடையலாம்.